நாலாம் நம்பர் கட்டில்

செவ்வாய்க்கிழமை காலை எட்டு மணிக்கு நான் டூட்டிக்கு வந்தபோது, சிஸ்டர் கலைச்செல்வி அவசரப் பிரிவின் மருந்து அலமாரிக்கு முன்னால் போனைக் காதில் வைத்தபடி நின்றுகொண்டிருந்தார். கேட்டுக்கொண்டு மட்டும் இருந்தார். பிறகு போனை மேசைமேல் கவிழ்த்து வைத்துவிட்டு, "மைமூன் மேடம் பூட்டாங்களாம் சார்" என்றார். கோட்டக்குப்பத்தில் அவருடைய வீட்டில், விடியற்காலை சுபுஹுத் தொழுகை முடித்துப் பாயைச் சுருட்டி வைத்தவர் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறார். எழவில்லை. வயது ஐம்பத்திரண்டு. பகல் தொழுகைக்குப் பிறகு அடக்கம் என்று அவருடைய தங்கை சொல்லியிருந்தார். டூட்டியில் இருந்தே ஆக வேண்டியவர்கள் போக மற்றவர்கள் திண்டிவனத்திலிருந்து கிடைத்த வண்டியில் கிளம்பினோம்.

மூன்றாம் நாள் ஓர் இரங்கல் மின்னஞ்சல் வந்தது. எங்கள் மருத்துவமனைக்கு மாணவர்களை அனுப்பும் ஒரு வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் அனுப்பியிருந்தது. நல்ல ஆங்கிலம், நல்ல புகைப்படம். புகைப்படத்தில் ஒரு வெள்ளைக்கார டாக்டர் நோயாளியின் மனைவியோடு பேச, நடுவில் மேடம் நிற்கிறார். கீழே எழுதியிருந்ததைத் தமிழில் சொன்னால் இப்படி வரும்: எங்கள் அன்புக்குரிய மொழிபெயர்ப்பாளரும் உள்ளூர்த் தோழியுமான மைமூனின் மறைவுக்கு வருந்துகிறோம். டாக்டர் என்ற ஒரு சொல்லுக்குக் கூடவா அந்த நாட்டில் தட்டுப்பாடு? இதை எழுத உட்கார்ந்ததற்கு அந்த மின்னஞ்சல்தான் காரணம். அவரோடு வேலை பார்த்த நீங்கள் இதைப் படிக்கும்போது கோபம் அதிகமாகத் தெரிந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். எனக்கு இப்போது அதுதான் இருக்கிறது.

உங்களுக்குத் தெரிந்ததுதான், ஆனாலும் எழுத்தில் இருக்கட்டும். டாக்டர் மைமூன் பீவி அவசர மருத்துவத்தில் மேற்படிப்புப் படித்தவர். தகப்பனார் வளைகுடாவில் ஒரு துணிக்கடையில் நின்று சம்பாதித்து மூன்று பெண்களையும் படிக்க வைத்தார். படித்து முடித்ததும் இவர் கிழக்கு ஆப்பிரிக்காவில் ஒரு மாவட்ட மருத்துவமனைக்குப் போய் நான்கு வருடம் வேலை பார்த்தார். அங்கே ஆக்சிஜன் சிலிண்டரை எதிர்பார்த்து லாரியின் சத்தத்துக்குக் காது கொடுத்துக்கொண்டு நோயாளி பார்த்ததாகச் சொல்வார். திரும்பி வந்து திண்டிவனம் நெடுஞ்சாலையோரம் இருக்கும் எங்கள் அறக்கட்டளை மருத்துவமனையில் சேர்ந்தார். ஒன்பது வருடம் இருந்தார்.

வெளிநாட்டுத் தேர்வு ஒன்றுக்காக அவர் படித்த கதையை நாங்கள் திரும்பத் திரும்பச் சொல்லச் சொல்லிக் கேட்போம். பனிச்சரிவில் புதைந்தவரை எப்படி மீட்பது என்று இரண்டு அத்தியாயம் மனப்பாடம் செய்தாராம். மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, தின்றால் ஒவ்வாமையில் சிலருக்கு உயிர் போகும் என்று ஓர் அத்தியாயம். "நம்ம ஊர்ல மல்லாட்டைய துன்னுட்டு எவன் செத்தான்? மல்லாட்டைக்கு மருந்து அடிச்சிட்டுத்தான் சாவறான். அதுக்குப் பொஸ்தகத்துல அரைப் பக்கம்" என்பார். சிரித்துக்கொண்டேதான் சொல்வார். அந்த அரைப் பக்கத்தில்தான் அவர் வாழ்க்கை முழுக்கக் கழிந்தது.

இனி நாலாம் நம்பர் கட்டிலைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் அவசரப் பிரிவில் ஆறு கட்டில்கள். ஒவ்வொன்றின் தலைமாட்டிலும் சுவரில் ஒரு சக்ஷன் குழாய் இருக்கிறது. நோயாளியின் தொண்டையில் சேரும் சளியையும் எச்சிலையும் உறிஞ்சி எடுப்பதற்கு. நாலாம் நம்பர் கட்டிலுக்குப் பின்னால் இருந்த குழாய் வேலை செய்யாது. கை கால் முறிந்து வருகிறவர்களுக்கு அந்தக் கட்டில் போதும் என்று எல்லோரும் பழகிக்கொண்டோம். நானும்தான்.

ஒரு நாள் காலை விக்கிரவாண்டி சுங்கச்சாவடியைத் தாண்டி ஒரு வேன் கவிழ்ந்து மற்ற ஐந்து கட்டில்களும் நிறைந்துவிட்டன. அந்த நேரத்தில் முகையூர்ப் பக்கத்திலிருந்து ஒரு விவசாயக் கூலித் தொழிலாளியை ஆட்டோவில் கொண்டுவந்தார்கள். முகமூடி இல்லாமல், கையுறை இல்லாமல் பூச்சிமருந்து தெளித்திருக்கிறார். கூட வந்த மனைவி, "மருந்து அட்ச்சிக்கினே இருந்தாருங்க, அப்படியே கொல்லையில உக்காந்துட்டாரு" என்று மட்டும் சொன்னார். வாயிலும் மூக்கிலும் நுரை வழிந்தது. காலியாக இருந்தது நாலாம் நம்பர் மட்டும்தான். பூச்சிமருந்து விஷத்தில் நெஞ்சு முழுக்கச் சளி கட்டிக்கொள்ளும். அதை உறிஞ்சி எடுக்காவிட்டால் மூச்சு நின்றுவிடும். தள்ளிக்கொண்டு வரக்கூடிய சக்ஷன் மெஷின் ஒன்றே ஒன்று, அதுவும் ஆபரேஷன் தியேட்டருக்குள் பூட்டி இருந்தது. சாவி வருவதற்குள் அவர் போய்விட்டார்.

மேடம் அந்த அம்மாளைப் பெஞ்சில் உட்கார வைத்துத் தானும் பக்கத்தில் உட்கார்ந்தார். நாங்கள் எல்லோரும் வழக்கமாகச் சொல்வது ஒன்று உண்டு: எங்களால் முடிந்த எல்லாம் செய்தோம். அவர் அதைச் சொல்லவில்லை. "எங்க மெஷினு வேலை செய்யலம்மா. செஞ்சிருந்தா ஒருவேளை பொழச்சிருப்பாரு. எங்க மேல தப்பு இருக்குது" என்றார். அந்த அம்மாள் அவருடைய தோளில் சாய்ந்து அழுதார். எங்களை யாரும் அடிக்க வரவில்லை, கண்ணாடியை உடைக்கவில்லை. ஆனால் நிர்வாகம் மறுநாள் மேடத்துக்கு விளக்கம் கேட்டுக் கடிதம் கொடுத்தது. மருத்துவமனையின் பெயரைக் கெடுத்தாராம். ஒரு மனிதர் போனதற்கு யாருக்கும் கடிதம் போகவில்லை.

அந்தக் கடிதம் வருவதற்கு முன்பே, சம்பவம் நடந்த அன்று மதியமே, அவர் தினசரிக் காலண்டரின் அட்டையைத் திருப்பிப் போட்டு ஸ்கெட்ச் பேனாவால் ஐந்து வரி எழுதினார். நர்ஸ்கள் படிப்பதற்காகத் தமிழில் எழுதினார். ஒன்று, துணியை வெட்டி எடு, சோப்புப் போட்டுக் கழுவு. இரண்டு, தொண்டையை உறிஞ்சு, நெஞ்சில் ஸ்டெத் வை. கொரகொர சத்தம் கேட்டால் விஷமுறிவு ஊசி அட்ரோபின் போடு. மூன்று, ஐந்து நிமிடம் கழித்து மறுபடி கேள். சத்தம் இருந்தால் இரண்டு மடங்கு போடு. நான்கு, கண்ணைப் பார்த்து நிறுத்தாதே, நெஞ்சைக் கேட்டு நிறுத்து. ஐந்து, நாலாம் நம்பர் கட்டிலில் போடாதே.

எழுதி முடித்து மருந்து அலமாரியின் கதவில் ஒட்டினார். ஏன் தமிழில் என்று நான் கேட்டேன். ஆப்பிரிக்காவில் போன புதிதில் தான் ஆங்கிலத்தில் எழுதி ஒட்டியதை அங்கிருந்த நர்ஸ்கள் ஊசித் தட்டுக்கு அடியில் விரித்துப் போட்டிருந்தார்கள் என்றார். அதன் பிறகு ஓர் உள்ளூர் நர்ஸை உட்கார வைத்து அவர்கள் மொழியிலேயே எழுதினாராம். உலக சுகாதாரம் என்று சொல்கிறார்களே, அதில் தான் கற்றுக்கொண்டது இந்த ஒன்றுதான் என்றும் சொன்னார். அந்த ஐந்து வரிக்குப் பிறகு பூச்சிமருந்து விஷத்தில் எங்களிடம் வந்து பிழைத்துப் போனவர்கள் அதிகம். எண்ணிக்கை நான் சொல்லப் போவதில்லை. கலைச்செல்வி சிஸ்டரைக் கேளுங்கள், ஊர் பெயரோடு சொல்வார்.

ஐந்தாவது வரி மட்டும் அவருக்கு உறுத்திக்கொண்டே இருந்தது. அந்தக் குழாயைச் சரி செய்யச் சொல்லி மாதா மாதம் கடிதம் எழுதினார். பார்க்கலாம் என்றார்கள், அடுத்த கூட்டத்தில் வைக்கிறோம் என்றார்கள், பூசி மெழுகினார்கள். ஆறு வருடம்.

இதற்கிடையில்தான் அந்தப் பல்கலைக்கழகத்திலிருந்து அவசர மருத்துவம் படிக்கும் இளம் டாக்டர்கள் நாலு வாரப் பயிற்சிக்கு வர ஆரம்பித்தார்கள். அவர்கள் கெட்டவர்கள் இல்லை. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல். அதில் ஒருவர் ரொம்ப உயரம். நெட்டை டாக்டர் என்று நர்ஸ்கள் பெயர் வைத்தார்கள். ஒரு நாள் பூச்சிமருந்து கேஸ் ஒன்றில், நோயாளியின் கண்மணி விரிந்துவிட்டதைப் பார்த்து, போதும் என்று அட்ரோபினை நிறுத்தச் சொன்னார். மேடம் ஸ்டெத்தைக் கழற்றி அவர் காதில் மாட்டி, மறுமுனையை நோயாளியின் நெஞ்சில் வைத்தார். கொரகொரவென்று கேட்டது. அவர் முகம் சிவந்துபோனது. அன்று மாலை அலமாரிக் கதவின் முன் நின்று அந்த ஐந்து வரியையும் மேடத்திடம் கேட்டுக் கேட்டு எழுதிக்கொண்டார். போட்டோவும் எடுத்தார்.

அந்த நாலு வாரமும் நோயாளிகளோடு அவர்கள் பேசிய ஒவ்வொரு வார்த்தையையும் மேடம்தான் தமிழில் சொன்னார். அவர்கள் சொன்னதில் பாதியைத் திருத்தியும் சொன்னார். சாப்பாட்டுக்குக் காரம் குறைக்கச் சொல்வதிலிருந்து செஞ்சிக் கோட்டைக்கு வண்டி ஏற்பாடு செய்வது வரை அவர் தலையில். வெளிநாட்டிலிருந்து ஒருவர் வந்து நாலு வாரம் இங்கே ஸ்டெத் மாட்டினால் அது உலக சுகாதாரம். மைமூன் மேடம் ஒன்பது வருடம் அதையே செய்தால் அது டூட்டி. மொழிபெயர்ப்பாளர் என்ற பட்டம் அவருக்கு எப்படி வந்தது என்று இப்போது புரிகிறதா?

ஒரு வருடம் கழித்து அவர்கள் திரும்பி வந்தார்கள். விழுப்புரத்தில் ஒரு மண்டபத்தில் ஒருநாள் பயிற்சி முகாம். எங்கள் மருத்துவமனையிலிருந்து எல்லோரும் போக வேண்டும் என்று உத்தரவு. மேடம் மூன்றாவது வரிசையில் பயிற்சி பெறுபவராக உட்கார்ந்திருந்தார். கழுத்தில் அட்டை. மேடையில் பளபளவென்று ஒரு போஸ்டரைத் திறந்து வைத்தார்கள். பூச்சிமருந்து விஷத்துக்கான உலகளாவிய வழிகாட்டி, ஐந்து படிகள், ஆங்கிலத்தில். முதல் நாலு படிகளைப் படித்தபோதே என் பக்கத்தில் இருந்த கலைச்செல்வி என் கையைக் கிள்ளினார். ஐந்தாவது படியைப் படித்தேன். நான்காம் எண் படுக்கையைப் பயன்படுத்த வேண்டாம்.

சத்தியமாகச் சொல்கிறேன், அப்படியே போட்டிருந்தார்கள். அது எங்கள் வார்டின் கெட்டுப்போன குழாய் என்று, எழுதிக்கொண்டு போன நெட்டை டாக்டர் உட்பட, அவர்களில் ஒருவருக்கும் தெரியவில்லை. ஏதோ நோய்த்தொற்றுக்கான ஏற்பாடு என்று நினைத்துக்கொண்டார்கள் போலிருக்கிறது. மேடம் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தார், கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார். முகாம் முடிந்ததும் அவருடைய ஐந்து வரியை அவருக்கே சொல்லிக்கொடுத்ததற்கு அவருக்கே ஒரு பங்கேற்புச் சான்றிதழ் கொடுத்தார்கள். எல்லோரும் கை தட்ட வாங்கிக்கொண்டார்.

அவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை, காரணம் இருக்கிறது. போஸ்டரின் அடியில் சின்ன எழுத்தில் ஆறு பெயர்கள் இருந்தன. ஐந்து வெளிநாட்டுப் பெயர்கள். ஆறாவது என் பெயர். சில மாதங்களுக்கு முன் அவர்கள், உள்ளூர் டாக்டர் ஒருவரின் பெயரும் பட்டமும் வேண்டும் என்று எனக்கு மின்னஞ்சல் அனுப்பியிருந்தார்கள். எதற்கு என்று கேட்காமல் அனுப்பி வைத்தேன். மேடத்தையும் தனியாகக் கேட்டிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டேன். ஒரு வார்த்தை அவரைக் கேட்டிருக்கலாம். பக்கத்து மேசை. கேட்கவில்லை. என் பெயர் அச்சில் வரப்போகிறது என்ற சந்தோஷத்தில் கேட்கவில்லை என்பதுதான் உண்மை. இதை இன்றுவரை யாரிடமும் நான் ஒப்புக்கொண்டதில்லை.

திரும்பி வரும்போது வேனில் நான் தலை குனிந்தபடி, அவர்களுக்கு எழுதி உங்கள் பெயரைப் போட வைக்கிறேன் மேடம் என்றேன். அவர் ஜன்னல் வழியாகக் கரும்பு லாரிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். "என் பேரு கெடக்குது தம்பி. நாலாம் நம்பருக்கு சக்ஷன் வாங்கிக் குடுங்க" என்றார். பெரிய மனது என்று நினைத்தேன். என் வேலையும் சுலபமாகிவிட்டது. எழுதவில்லை.

அவருடைய எண்ணம் மாறியது எப்படி என்று சொல்ல வேண்டும். போன வருடம் ஒரு நாள் மத்தியானம் சாப்பாட்டு வேளையில், ஆப்பிரிக்காவில் அவரோடு வேலை பார்த்த பழைய நர்ஸ் ஒருவர் வாட்ஸப்பில் ஒரு போட்டோ அனுப்பினார். அந்த மாவட்ட மருத்துவமனையின் அவசரப் பிரிவு. சுவரில் அதே போஸ்டர். அதன் அருகே ஒரு கட்டிலின் மேல் அட்டைப் பெட்டிகளை அடுக்கி வைத்திருந்தார்கள். கட்டிலுக்கு நம்பர் நான்கு. பக்கத்தில் தரையில் பாயில் ஒரு நோயாளி. போஸ்டரில் உன் நாட்டுப் பெயர் ஒன்று இருக்கிறதே, இந்தக் கட்டிலை ஏன் பயன்படுத்தக் கூடாது என்று உனக்குத் தெரியுமா என்று அந்த நர்ஸ் கேட்டிருந்தார்.

அன்றுதான் மேடம் கோபப்பட்டு நான் பார்த்தேன். சோற்றை அப்படியே மூடி வைத்தார். அந்த நர்ஸைக் கூப்பிட்டு, பெட்டிகளை எடுத்துவிட்டு நோயாளியைக் கட்டிலில் போடு என்று சொன்னார். போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "தப்பா சொல்லிட்டேன் தம்பி. பேரு வேணும். என் பேரும் என் நம்பரும் அதுல இருந்திருந்தா, அந்த சிஸ்டரு ஒரு போன் போட்டுக் கேட்டிருப்பா இல்ல? பேரு பெருமைக்கு இல்ல, கேக்கறதுக்கு. யாரைக் கேக்கறதுன்னு தெரியாம எத்தினி ஊர்ல எத்தினி கட்டிலு சும்மா கெடக்குதோ" என்றார்.

அன்றே அவர் அந்தப் பல்கலைக்கழகத்துக்கு எழுதினார். கருத்துக்கு நன்றி, குழுவிடம் தெரிவிக்கிறோம் என்று ஒரு வரிப் பதில் வந்தது. அவ்வளவுதான். எங்கள் நிர்வாகத்திடம் போனார். வெளிநாட்டுக்காரர்கள் வருவது நமக்கு நல்ல பெயர், எதற்கு இந்தப் பேஜாரு என்று கேட்டார்கள். நானும் கூடப் போய் நின்றேன். நின்றேன், வாயைத் திறக்கவில்லை. ஆறாவது பெயர்க்காரன் எந்த முகத்தோடு பேசுவது? மறுபடி எழுதினார். மறுபடி நன்றி வந்தது. அப்புறம் அந்தச் செவ்வாய்க்கிழமை வந்தது.

இரங்கல் மின்னஞ்சலைப் பார்த்த அன்றுதான் எனக்கு முதுகெலும்பு முளைத்தது. வெட்கமாகத்தான் இருக்கிறது சொல்ல. அவர்களுக்கு எழுதினேன். ஐந்து வரியும் அவருடையது, காலண்டர் அட்டையின் போட்டோ இதோ, என் பெயரை எடுத்துவிட்டு அவர் பெயரை முதலில் போடுங்கள், ஐந்தாவது படியை நீக்குங்கள் என்றேன். இந்த முறை உடனே பதில் வந்தது. ஐந்தாவது படியைப் பற்றி ஒரு சொல் இல்லை. ஒருவரைப் புதிதாக ஆசிரியராகச் சேர்க்க அவருடைய கையொப்பமிட்ட ஒப்புதல் அவசியமாம். உயிரோடு இருந்தபோது அவருடைய எழுத்தை எடுக்க ஒப்புதல் தேவைப்படவில்லை. பெயரைப் போட மட்டும் கபர் குழியிலிருந்து வந்து கையெழுத்துப் போட வேண்டும். நான் விடப்போவதில்லை. இதைப் படிக்கிற டாக்டர்கள், நர்ஸ்கள் அத்தனை பேரும் ஆளுக்கொரு கடிதம் எழுதுங்கள் என்று கையெடுத்துக் கேட்டுக்கொள்கிறேன்.

அதே வாரம் நானும் நர்ஸ்கள் ஏழு பேரும் டூட்டி முடிந்து வீட்டுக்குப் போகாமல் நிர்வாக அதிகாரியின் அறைக்கு முன்னால் போய் உட்கார்ந்தோம். கோஷம் போடவில்லை. நாலாம் நம்பர் சக்ஷன் வேலை செய்யும்வரை இங்கேதான் இருப்போம் என்றேன். இரண்டு மணி நேரத்தில் விழுப்புரத்திலிருந்து ஓர் ஆள் பையோடு வந்தார். சுவருக்குப் பின்னால் இருந்த பெட்டியைத் திறந்தார், ஒரு வால்வை மாற்றினார், குழாயில் கையை வைத்துப் பார்த்தார், கிளம்பினார். நாற்பது நிமிடம். ஆறு வருடமாக மாதா மாதம் அவர் எழுதிக் கேட்டது அந்த நாற்பது நிமிட வேலையைத்தான். கலைச்செல்வி அந்தக் கட்டிலிலேயே உட்கார்ந்து அழுதார். நான் சுவரைக் குத்தினேன். கை வீங்கியதுதான் மிச்சம்.

பிறகு அலமாரிக் கதவுக்கு முன்னால் போய் நின்றேன். அட்டை ஓரமெல்லாம் கறுத்து, மூலை மடங்கி இருந்தது. நான் பேனாவைத் திறந்ததும் கலைச்செல்வி, "மேடம் கையெழுத்து சார், அப்படியே இருக்கட்டுமே" என்றார். எனக்கும் ஆசைதான். ஆனால் அந்த வரி இப்போது பொய். பொய்யை ஒட்டி வைத்திருந்தால் மேடம் நம்மைச் சும்மா விடுவாரா என்று கேட்டேன். ஐந்தாவது வரியை அடித்தேன். அதற்குக் கீழே, எழுதியவர் டாக்டர் மைமூன் பீவி என்று எழுதினேன். அதற்கும் கீழே, சந்தேகம் இருந்தால் கூப்பிடவும் என்று எழுதி ஒரு நம்பரைப் போட்டேன். அது என் நம்பர். அதைப் பிரதி எடுத்து, பக்கத்து ஊர்களின் ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கும், ஆங்கிலத்தில் எழுதி ஆப்பிரிக்காவில் இருக்கும் அந்த நர்ஸுக்கும் அனுப்பினோம்.

மேடத்தின் ஸ்டெத்தை அவருடைய தங்கை எனக்குக் கொடுத்தார். அதை நான் வைத்துக்கொள்ளவில்லை, கலைச்செல்விக்குக் கொடுத்துவிட்டேன். அவர்தான் அதை ஒழுங்காகப் பயன்படுத்துவார். நான் மேடத்திடமிருந்து எடுத்துக்கொண்டது, யாராவது கூப்பிட்டால் போனை எடுப்பது. நேற்று மத்தியானம் முதல் அழைப்பு வந்தது. காணைப் பக்கத்து சுகாதார நிலையத்திலிருந்து ஒரு சிஸ்டர், குரலில் பதற்றம்.

"மருந்து கேஸு வந்துக்குதுங்க. கண்ணு நல்லா விரிஞ்சிட்ச்சு, அட்ரோபின நிறுத்திடலாமா?"

"நெஞ்சக் கேட்டீங்களா சிஸ்டர்?" என்றேன்.

கட்டிலருகே போய் நெஞ்சைக் கேட்டுவிட்டு வந்தார். அப்புறம், "கொரகொரன்னுதாங்க இருக்குது, நிறுத்தலிங்க" என்றார். ஆம்புலன்ஸில் ஏற்றி அனுப்பும்வரை இருவரும் போனை வைக்கவில்லை. கடைசியில் அந்த சிஸ்டர் தயங்கிக் கேட்டார், "இது மைமூன் மேடம் நம்பர்தானுங்களே?"

"ஆமாம்மா" என்றேன். "அவங்க நம்பர்தான்."